பூசணிப் பலகை

அறுப்பின் பண்டிகைக்கு, அதாவது எங்கள் சபையின் அறுவடைத் திருநாளுக்கு, முந்தின சனிக்கிழமை. கோயில் வளாகத்து வேப்ப மரத்தடியில் நாங்கள் எட்டுப் பெண்கள் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தோம். சர்ச் என்பதை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். இந்தத் தொடருக்குப் புதிதாக வருகிறவர்கள் அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

எங்கள் நடுவே, ஒரு முக்காலியில் உட்கார்ந்து, அப்பா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மற்ற ஆண்கள் எல்லாரும் பந்தல் போடுகிற இடத்தில் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குக் காது கேட்காது. "ஆம்பளைக கூட ஒக்காரக் காது வேணும். வெங்காயத்துக்குக் கண்ணு இருந்தா போதும்" என்பார்.

பூசணியை நாங்கள் வெட்டிய பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு மூலை உள்ள பெரிய தேக்குப் பலகை. இரண்டு பெஞ்சுகளுக்கு மேல் கிடத்தினால் எட்டுப் பேரும் மூலைக்கு ஒருவராக நின்று வெட்டலாம். பண்டிகைச் சாப்பாட்டுக்கான காய்கறி முழுவதும் அதன் மேல்தான் வெட்டுப்படும். கத்தி பட்டுப் பட்டு அதன் முகம் வரி வரியாக இருக்கும். சபையில் அதற்குப் பூசணிப் பலகை என்று பெயர்.

அப்பா உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஏத்தா, நாளைக்கு அவ பேசுறது எனக்குக் கேக்குமா?"

அவருடைய சாதாரணக் குரலே ஊருக்குக் கேட்கும். எட்டு மூலையிலும் கத்தி நின்றது. எனக்குத் தெரிந்த பதில் "கேட்காது" என்பதுதான்.

அய்யர் என்ன சொன்னாரு?

அப்பா வடமதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து, மழை பொய்த்த ஒரு வருஷம், சோளக்காட்டை அண்ணனிடம் விட்டுவிட்டுத் திண்டுக்கல் வந்தவர். பஞ்சு மில்லில் நூற்பு மிஷின் ஓடும் பகுதியில் வேலை. அந்த இரைச்சலில் ஷிப்டு ஷிப்டாக நின்று, ரிட்டையர் ஆகும்போது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அம்மா போன பிறகு என் வீட்டில் இருக்கிறார்.

காதில் மாட்டும் கருவியை அவர் "மிஷின்" என்பார். ஒரு மிஷின் கெடுத்ததை இன்னொரு மிஷின் சரி செய்யுமா என்று கேட்டுக்கொண்டேதான் மாட்டுவார். வீட்டுக்குள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கேட்கும். கோயிலுக்குள் கேட்காது. ஸ்பீக்கரில் வருகிற சத்தம் சுவரில் முட்டி, திரும்பி வந்து, ஒன்றோடு ஒன்று மோதி அவர் காதுக்குள் விழும். "தகரத்துல மழை பேஞ்ச மாதிரி இருக்கு" என்பார். பிரசங்கம் தொடங்கியதும் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பாட்டுக்கு மட்டும் புத்தகத்தைப் பார்த்துத் தன் சுதியில் பாடுவார்.

முன்பெல்லாம் அய்யரின் உதட்டைப் பார்த்துப் பாதியாவது பிடித்துக்கொள்வார். (சபைப் போதகரை அய்யர் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது சாதி இல்லை, மரியாதை.) கொரோனாவுக்குப் பிறகு எல்லா உதடுகளும் மாஸ்க்குக்குள் போயின. அவை வெளியே வந்தபோது அப்பாவுக்குத் தூரப் பார்வையும் மங்கியிருந்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் எனக்கு ஒரு வேலை இருந்தது. இலையிலோ தட்டிலோ சோறு விழுந்ததும் அப்பா கேட்பார்.

"அய்யர் என்ன சொன்னாரு?"

நான் அவர் காதருகே கத்திக் கத்திப் பிரசங்கத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும். சுருக்கினால் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒருநாள் பசி தாங்காமல், "எல்லாரும் நல்லா இருக்கணும்னு சொன்னாருப்பா" என்றேன்.

"அதுக்கா முக்கா மணி நேரம்?" என்றார் அப்பா.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போவார். என் சோறு ஆறி, குழம்பு மேல் எண்ணெய் கட்டியிருக்கும். வருஷக் கணக்காக என் ஞாயிற்றுக்கிழமை இதுதான்.

மெர்சியின் அங்கி

அப்பா "அவ" என்று சொன்னது என் தங்கச்சி மெர்சியை. மெர்சி போதகர். இறையியல் படித்து, அபிஷேகம் பெற்று, அப்போது வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு சபையில் இருந்தாள்.

அவள் படிக்கப் போகிறேன் என்றபோது அப்பா சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "பொம்பளப் பிள்ளைக்கு அங்கி எதுக்கு?" அதற்கு மேல் தடுக்கவும் இல்லை, ஆசீர்வதிக்கவும் இல்லை. அபிஷேக ஆராதனைக்கு வந்தார். மிஷினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார். சொன்ன வாக்கியத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மெர்சியும் அதை மறக்கவில்லை.

அவள் பிரசங்கம் ஒன்றைக்கூட அப்பா கேட்டதில்லை. இந்த அறுப்பின் பண்டிகைக்கு, சொந்தச் சபையில் வந்து பேசும்படி எங்கள் அய்யர் அவளை அழைத்திருந்தார். அப்பா ஒரு வாரமாகச் சட்டைகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவள் பேரைச் சொல்லவில்லை. பூசணி வெட்டிய மரத்தடியில்தான் வாயைத் திறந்து கேட்டார்.

எளிமைக்காரர்கள் கட்டிய கோயில்

இங்கே கொஞ்சம் கட்டடக் கதை சொல்லாவிட்டால் மேலே நகர முடியாது.

எங்கள் கோயிலைக் கட்டியவர்கள் கடல் தாண்டி வந்த மிஷனரிகள். கருங்கல் அடிமானம், மேலே செங்கல், சுண்ணாம்புக் காரை. கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு என்பார்கள். காலண்டர் மாட்ட ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். தேக்கு உத்திரங்களுக்கு மேல் செங்கலைக் குத்துவாட்டில், நிற்க வைத்து, அடுக்கிய மச்சுக் கூரை. ஆள் உயரத்துக்கு மேல் தொடங்கி மச்சு வரை போகிற ஜன்னல்கள். மலைக்கோட்டைப் பக்கமிருந்து வரும் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்.

கட்டியவர்கள் எளிமைக்காரர்கள். உள்ளே படம் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. சிலுவைகூடப் பின்னால் வந்ததுதான். எதிர்ச்சுவர்ப் பக்கம் நட்டநடுவில் உயரமாக ஒரு பிரசங்க பீடம், அவ்வளவுதான். ஜனங்கள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். வசனம் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே கட்டிய கட்டடம் அது.

அப்புறம் பல சபைகள் ஒன்றாகச் சேர்ந்தன. மற்றவர்களுடைய முறைகளும் நல்லவையாகத்தான் இருந்தன. அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து மேசை நடுவுக்கு வந்தது. பிரசங்க பீடம் இடப்பக்கத்து ஓரத்துக்குப் போனது.

அதன் பிறகு ஒவ்வொரு கமிட்டியும் தன் காலத்தில் ஒரு முன்னேற்றம் செய்தது. ஒரு கமிட்டி பாயை எடுத்துவிட்டு பெஞ்சு போட்டது. அடுத்தது தரைக்கு கிரானைட். அதற்கடுத்தது சுவருக்குத் தோள் உயரம் டைல்ஸ். கடைசியாக வந்தது ஆள் உயர ஸ்பீக்கர்கள். எல்லாம் பளபளவென்று இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்வெட்டும் உண்டு.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். வழவழப்பான சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்பும், பாயும் துணியும் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்று ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நடத்துகிறேன். அதே சுவருக்கு நடுவில் உட்கார்ந்து, அப்பாவுக்கு ஏன் கேட்கவில்லை என்று டாக்டரைத்தான் கேட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் விஷயத்தில் பூசணிக்காய் உதவிற்று.

வளையமும் கொக்கியும்

பெரிய பூசணி ஒன்றைத் தூக்கிப் போட்டதில் பலகைக்கு அடியில் இருந்த பெஞ்சு ஒன்று சரிந்தது. பூசணி ஒரு பக்கம் உருள, பலகை கவிழ்ந்து விழுந்தது. நல்லவேளை, யார் காலிலும் விழவில்லை.

அதன் முதுகை நான் அன்றுதான் பார்த்தேன். சமையல் வேலை என்றால் பாட்டுக் குழுவோடு நழுவிவிடுகிற ஆள் நான். அந்த வருஷம் அப்பாவுக்குத் துணையாக வந்தேன். முதுகில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புப் பட்டை. பட்டைகள் சேரும் நடுவிடத்தில் கைக்கட்டை விரல் பருமனில் ஒரு வளையம். காய்கறி வெட்டுகிற பலகைக்கு வளையம் எதற்கு?

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கோயிலுக்குள் போனேன். திருவிருந்து மேசைக்கு முன்னால், உத்திரத்தின் நடுவில், ஒரு கொக்கி உண்டு. கிறிஸ்துமஸுக்கு அதில்தான் காகித ஸ்டார் தொங்கவிடுவோம். யானையைத் தொங்கவிடலாம், அவ்வளவு தடியான கொக்கி. காகித ஸ்டாருக்கு எதற்கு இந்தக் கொக்கி என்று எங்களில் யாருமே கேட்டதில்லை.

கொடைக்கானலுக்கு ஒரு தடவை பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனபோது, அங்கே ஒரு பழைய கோயிலில் பிரசங்க பீடத்துக்கு மேலே இதே மாதிரி எட்டு மூலைப் பலகை தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். பேசுகிறவர் குரல் மச்சுக்குப் போய்த் தொலையாமல் ஜனங்கள் பக்கம் திருப்பிவிட என்று அங்கிருந்தவர் சொன்னார். அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கொக்கிக்குக் கீழே நின்றபோதுதான் எல்லாம் கூடி வந்தது.

வெள்ளைக்காரன் குடை

சபைச் செயலாளர் செல்லத்துரை மாமா பந்தல்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தார். பண்டிகை ஏலத்தை நடத்துவதும் அவர்தான். காணிக்கையாக வந்த சேவலையும் வாழைத்தாரையும் அவர் மரத்தடியில் கூவி ஏலம் விட்டால் அப்பாவுக்கே கேட்கும்.

"மாமா, பூசணிப் பலகை உள்ள தொங்குனதுதானே?"

"ஆமா. வெள்ளைக்காரன் குடை. எங்கய்யா காலத்துலயே எறக்கிட்டாக."

"குடையா? எதுக்கு?"

"மச்சுல அம்புட்டு வௌவாலு. எச்சம் தொரை தலையில விழுகாம இருக்க மாட்டுனது. நம்மாளு அய்யரா வந்தப்ப, எல்லார் தலையிலயும் விழுகுறது அவருக்கும் விழுகட்டுமேன்னு எறக்கிப்புட்டாக."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். இறக்கியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பீடம் ஓரத்துக்குப் போன பிறகு, பலகை யாருமே நிற்காத இடத்துக்கு மேல் சும்மா தொங்கியிருக்கும். அதைப் பார்த்தவனுக்குக் குடை என்றுதான் தோன்றும்.

அது குடை இல்லை, குரலைத் திருப்புகிற பலகை என்று சொன்னேன். நாளை ஒரு நாளைக்காவது அதை மாட்ட வேண்டும், மெர்சி அதற்குக் கீழே நடுவில் நின்று பேச வேண்டும், ஸ்பீக்கரை அணைத்துவிட வேண்டும் என்றேன். எதற்காக என்றும் சொன்னேன்.

மாமா மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்பப் பூசணிக்கா எதுல வெட்டுறது?"

அதற்குள் பெண்கள் கத்தியும் கையுமாக வந்துவிட்டார்கள். பாதிக் காய் கிடக்கிறது, வெண்டை இன்னும் தொடவே இல்லை என்று சத்தம். அய்யர் வந்தார். ஆராதனை யூடியூபில் லைவாகப் போகிறதே, துபாயில் இருக்கிற நம் ஜனங்களுக்கு எப்படிக் கேட்கும் என்றார். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். எனக்கு அழுகை முட்டியது.

அந்த நேரம்தான் மெர்சி வத்தலக்குண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி, தோள் பையோடு உள்ளே வந்தாள். நான் சொன்னதைக் கேட்டாள். பலகையைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள்.

"மைக்க லைவுக்கு மட்டும் குடுங்க அய்யா. ஸ்பீக்கர அமத்திருவோம்."

"பின்னால இருக்குறவங்களுக்கு?" என்றார் அய்யர்.

"கத்துவேன்."

"ஏத்தா, பழைய கொக்கி. தலையில விழுந்துச்சுன்னா?" என்றார் மாமா.

"மேல இருந்து வர்றதுக்குப் பயந்தா நான் இந்த வேலைக்கே வந்துருக்கக் கூடாது மாமா."

மாமா சிரித்துவிட்டார். ஆனாலும் ஏணி போட்டு அவரே ஏறி, கொக்கியில் இரண்டு பேரைத் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் சம்மதித்தார். பந்தல்காரர்களின் கயிறும் கப்பியும் கையோடு இருந்தன. மீதிப் பூசணி தார்ப்பாய் மேல் வெட்டுப்பட்டது. அதற்காக நான் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது.

இத்தனைக்கும் நடுவில் அப்பா தன் வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு பேர் கையை ஆட்டுவதைப் பார்த்து, "என்னத்தா, பூசணிக்கா அழுகிருச்சா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா" என்று தலையாட்டிவிட்டேன். நடக்காமல் போனால் அவர் ஏமாறக் கூடாது.

கை காதுக்குப் போனது

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. தூணுக்குத் தூண் கரும்பும் வாழையும் கட்டி, படியெல்லாம் தேங்காயும் சோளக்கதிரும் குவிந்திருந்தன. அப்பாவை இரண்டாவது பெஞ்சில் உட்கார வைத்தேன். எல்லாரும் தலை குனிந்து அமைதியாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது அவர் அண்ணாந்து பார்த்தார்.

"நம்ம பூசணிப் பலகையில்ல அது?"

ஜெபம் கலைந்து கோயிலே சிரித்தது. அய்யரும் சிரித்தார்.

பிரசங்க நேரம் வந்தது. மெர்சி ஓரத்துப் பீடத்துக்குப் போகாமல் நடுவில், பலகைக்குக் கீழே வந்து நின்றாள். கழுவியும் போகாத வெங்காய வாசம் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் அணைந்தது.

அப்பாவின் கை பழக்கப்படி காதுக்குப் போனது. மிஷினைக் கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். மெர்சி முதல் வாக்கியத்தைச் சொன்னாள். அறுக்கும்போது வயலின் ஓரங்களை விட்டுவிடு, அது இல்லாதவனுக்கு என்கிற வேதக் கட்டளையைப் பற்றிப் பேசப் போவதாகச் சொன்னாள்.

கை காதிலேயே நின்றது. இரண்டாவது வாக்கியம், மூன்றாவது வாக்கியம். அந்தக் கை மிஷினைக் கழற்றவில்லை. மெல்ல விரிந்து, காது மடலை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டது. பிரசங்கம் முடிகிற வரை அப்படியே இருந்தது.

மெர்சி என்ன பேசினாள் என்று நான் கேட்கவே இல்லை. அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலகைதான் வேலை செய்ததா, ஸ்பீக்கர் அணைந்ததா, பக்கத்தில் நின்று பேசியதா, தூணெல்லாம் கட்டிய வாழையும் கரும்பும் எதிரொலியைக் குறைத்ததா என்று கேட்டால், அறிவியல் டீச்சராக என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் பாதிதான் கேட்டது என்று குறைப்பட்டதும் உண்மை.

பலகையைத் திங்கட்கிழமை இறக்குவதாகத்தான் பேச்சு. இன்று வரை இறக்கவில்லை. காய் வெட்ட ஒரு ஸ்டீல் மேசை வந்துவிட்டது. கொடுத்தவர் பேர் அதில் பெரிதாக எழுதியிருக்கிறது.

பந்தி

ஏலம் முடிந்து, பள்ளிக்கூட வராந்தாவில் பந்தி. எனக்கு இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் மெர்சி. இலையில் சோறு விழுந்தது. சாம்பார், பூசணிக் கூட்டு, அப்பளம். நான் பழக்க தோஷத்தில் அப்பா பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். கேட்டால் எதைச் சொல்வது என்று பயமாகவும் இருந்தது.

அப்பா கையைக் காட்டினார்.

"நீ செத்த நேரம் சும்மா இரு."

என் இலைக்கு மேலாகக் குனிந்து மெர்சியைப் பார்த்தார்.

"ஏன் அய்யரே, நீ காட்டுல எறங்கி வேலை பாத்திருக்கியா?"

மெர்சியின் கை சோற்றில் நின்றது. அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதை அவளும் கேட்டாள், நானும் கேட்டேன். அவள் கண் நிறைந்துவிட்டது. அப்பா அதைக் கவனிக்கவில்லை. அவர் சண்டைக்குத் தயாராக இருந்தார்.

"இல்லப்பா" என்றாள்.

"அதான் அப்படிப் பேசுற. ஓரத்துல என்னத்தா வெளையும்? வரப்பு மரத்து நெழலு, எலி, போற வார ஆடு. காட்டுலயே பதராப் போன கதிரு ஓரத்துலதான் நிக்கும். அத விட்டுப்புட்டு, இல்லாதவனுக்குக் குடுத்தேன்னு சொல்லலாமா? நடுவுல ஒரு பாத்திய விடச் சொல்லு. அதுதான் தருமம்."

"வேதத்துல ஓரம்னுதான்ப்பா இருக்கு."

"எழுதுனவரு வடமதுரைப் பக்கம் வந்து பாத்தாரா?"

மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிந்துகட்டினாள். அவள் ஒன்று சொல்ல, அப்பா ஒன்று சொல்ல, சாம்பார் வாளியோடு வந்த செல்லத்துரை மாமா நின்று வேடிக்கை பார்த்தார். இத்தனை வருஷம் நான் சொன்ன பிரசங்கங்களுக்கெல்லாம் அப்பா தலையைத்தான் ஆட்டியிருக்கிறார். ஒன்றோடும் சண்டை போட்டதில்லை.

என் முகத்துக்கு முன்னால் இரண்டு கைகள் ஆடிக்கொண்டிருந்தன. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நான் சோற்றைப் பிசைந்தேன். விரல் சுட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சோற்றைச் சுடச்சுடத் தின்று எத்தனை வருஷமாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

மாமாவிடம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.